வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்க: நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளியையோ கல்லூரியையோ விட்டுப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆன பிறகு மீண்டும் புத்தகத்தைக் கையில் எடுப்பவர்களுக்கு நெல்லைச் சீமையில் குறைவில்லை. கங்கைகொண்டான் சிப்காட் ஆலைகளில் ஷிப்டு மாறி மாறி வேலை பார்ப்பவர்கள், பணகுடிப் பக்கம் காற்றாலைகளில் உதவியாளராகச் சேர்ந்து பல ஆண்டுகளாக அதே நிலையில் இருப்பவர்கள், நெல்லை டவுன் ஜவுளிக்கடைகளில் கணக்கு எழுதுபவர்கள், முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் பீடி சுற்றிப் பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, விட்டுப்போன பத்தாம் வகுப்பை இப்போதாவது முடித்துவிட வேண்டும் என்று எண்ணும் பெண்கள் எனப் பலரும் இந்த வழியில் வருகிறார்கள். இவர்களில் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் படிப்பு நல்ல படிப்பு?" என்பதுதான்.

அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் செய்தி. முதலில் கேட்க வேண்டியது, "நான் போக நினைக்கும் வேலைக்கு எழுத்தில் என்ன தகுதி கேட்டிருக்கிறார்கள்?" என்பதாகும். இந்த வரிசை மாறுவதால்தான், மூன்று ஆண்டு உழைப்பும் கட்டணமும் செலவழித்துப் பெற்ற பட்டம், விண்ணப்பிக்கும் நாளில் செல்லாது என்று தெரியவந்து மனம் உடைந்து நிற்கும் நிலை ஏற்படுகிறது. கீழே வரும் படிகள் இந்த ஒன்றைத் தவிர்ப்பதையே முதல் நோக்கமாகக் கொண்டவை.

முதற்படி: வேலையைத் தீர்மானித்து, அதன் தகுதியைப் படியுங்கள்

அடுத்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் போய்ச் சேர விரும்பும் பதவி ஒன்றை, அதிகம் போனால் இரண்டை, ஒரு தாளில் எழுதுங்கள். அரசுப் பதவியானால் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமோ உரிய துறையோ கடைசியாக வெளியிட்ட அறிவிக்கையைத் தேடியெடுத்து, கல்வித் தகுதி, வயது வரம்பு, விளக்கக் குறிப்புகள் ஆகிய மூன்று பகுதிகளையும் வரி விடாமல் படியுங்கள். விளக்கக் குறிப்புகளைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் எந்தப் பட்டம் எதற்கு இணை, எந்த வரிசையில் படித்திருக்க வேண்டும் என்பன போன்ற விவரங்கள் அங்கேதான் இருக்கின்றன. தனியார் நிறுவனமானால், அதே பதவியில் இப்போது இருக்கும் ஒருவரிடம், அவர் என்ன படித்திருக்கிறார் என்பதையும் நிறுவனம் இப்போது என்ன கேட்கிறது என்பதையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

இப்படிப் பார்த்தால், நீங்கள் நினைத்திருந்த படிப்பே தேவைப்படாமல் போகலாம். அம்பாசமுத்திரத்தில் பத்து ஆண்டுகளாக வீடுகளுக்கு வயரிங் செய்துவரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கையில் எந்தச் சான்றும் இல்லை என்பதால், இனி டிப்ளமோ படித்தால்தான் வழி என்று அவர் நினைத்திருப்பார். ஆனால் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்குக் கல்வித் தகுதி என்று எதுவும் கேட்கப்படுவதில்லை. 21 வயது நிறைந்திருப்பதும், வயரிங் தொழிலில் 5 ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவமும் போதும். தேர்வு அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் நடைபெறுகிறது. அவர் முதலில் எழுத வேண்டியது அந்தத் தேர்வைத்தான்; டிப்ளமோவைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

இதற்கு மாறான நிலையும் உண்டு. செவிலியர் பட்டயப் படிப்பை முடித்துத் தனியார் மருத்துவமனையில் வேலை செய்யும் ஒருவர், வேலையை விடாமல் தொலைநிலைக் கல்வியில் செவிலியர் பட்டம் பெற்றுவிடலாம் என்று நம்பினால் அது நடக்காது. பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம், சட்டம், கட்டடக்கலை போன்ற படிப்புகளைத் தொலைநிலையில் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிப்பதில்லை. அப்படி நடத்துவதாக யார் சொன்னாலும், எவ்வளவு கவர்ச்சியாகச் சொன்னாலும், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுவது நல்லது.

இரண்டாம் படி: சான்றிதழ்களின் வரிசையைச் சரிபாருங்கள்

இந்தப் படியில் சற்று அதிக நேரம் நின்றுதான் ஆக வேண்டும், ஏனெனில் நம் பகுதியில் மிகுதியானோர் இடறும் இடம் இதுவே. தமிழ்நாடு அரசுப் பணிக்குப் பட்டம் தகுதியாகக் கேட்கப்படும்போது, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமல், வயதை மட்டும் தகுதியாகக் காட்டியோ ஓர் ஆயத்தப் படிப்பை முடித்தோ திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் நேரடியாகச் சேர்ந்து பெற்ற பட்டத்தை, வரிசையாகப் படித்துப் பெற்ற பட்டத்துக்கு இணையாக அரசு ஏற்பதில்லை என்று 2009-இல் அரசாணை வெளியாகியிருக்கிறது. இளங்கலைப் பட்டம் இல்லாமல் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் தொடர்பான வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு இதையொத்த முடிவையே எடுத்தது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பதில் எந்தக் குறையும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பத்தும் பன்னிரண்டும் முடித்தவர் அங்கே பெறும் பட்டம் முழுமையாகச் செல்லும். அனுமதி பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் தெளிவுபடுத்தியும் இருக்கிறது. இடையில் ஒரு படியைத் தாண்டிச் சென்றிருந்தால்தான் சிக்கல்.

ஆகவே உங்களிடம் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ இல்லையென்றால், எத்தனை வயதானாலும் அங்கிருந்தே தொடங்குங்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதலாம். எட்டாம் வகுப்புக்குக்கூடத் தனித்தேர்வு உண்டு. விண்ணப்பங்களை மாவட்டத்தில் அதற்கெனக் குறிக்கப்பட்ட சேவை மையங்களில் நேரில் சென்று பதிய வேண்டும். பத்தாம் வகுப்பை முதன்முறையாக எழுதும் தனித்தேர்வர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சி வகுப்புக்குப் பெயர் பதிந்து, வகுப்புகளுக்குச் சென்றிருக்க வேண்டும் என்ற விதியைப் பலர் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள். இந்தப் பதிவுக்கான அறிவிப்பு தேர்வுக்குப் பல மாதங்களுக்கு முன்பே செய்தித்தாளில் வந்துவிடும். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவர்களுக்கு வேறொரு வாசலும் திறந்திருக்கிறது. எட்டாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டுத் தொழிற்பயிற்சியை முடித்தவர், தமிழ், ஆங்கில மொழிப்பாடங்களைத் தனித்தேர்வராக எழுதித் தேர்ச்சி பெற்றால் பத்தாம் வகுப்புக்கு இணைச் சான்று பெறலாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அதே பயிற்சியை முடித்தவர், அதுபோலவே மொழிப்பாடங்களை எழுதிப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணைச் சான்று பெறலாம். பேட்டை அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் பல ஆண்டுகளுக்கு முன் ஃபிட்டர் படித்துவிட்டு, இன்று பட்டம் படிக்க நினைப்பவருக்கு இரண்டு பள்ளி ஆண்டுகள் மிச்சமாகின்றன.

மூன்றாம் படி: காகிதங்களை ஒழுங்குபடுத்துங்கள்

சேர்க்கைக்கு ஒரு மாதம் இருக்கும்போது காகிதங்களைத் தேடத் தொடங்கினால் அந்தப் பருவம் கையை விட்டுப் போய்விடும். மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகிய நான்கையும் மேசைமேல் பரப்பி வைத்து, பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் நான்கிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம் ஊரில் தலைப்பெழுத்து ஒரு சான்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருக்கும்; ஆதாரில் தந்தையின் முழுப்பெயரே சேர்ந்திருக்கும்; திருமணமான பெண்களுக்குக் கணவர் பெயரின் முதலெழுத்து ஏறியிருக்கும். தொலைநிலைக் கல்வியில் சேர இப்போது ஆதாரை ஒட்டியே அடையாள எண்கள் உருவாக்கப்படுவதால், இந்த வேறுபாடுகள் சேர்க்கையையே நிறுத்திவிடக்கூடும். பொதுவாக மதிப்பெண் பட்டியலைத் திருத்துவதைவிட, அதில் உள்ளபடி ஆதாரைத் திருத்திக்கொள்வது எளிது. பெயரையே மாற்றிக்கொண்டவர்கள், எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வழியாக அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டு, அந்தப் பிரதியைப் பத்திரப்படுத்த வேண்டும்.

சான்றிதழ் தொலைந்துபோயிருந்தால் முதலில் காவல்துறையில் புகார் பதிந்து அதற்குரிய சான்றைப் பெறுங்கள். பிறகு படித்த பள்ளி வழியாக மறுபிரதிக்கு விண்ணப்பிக்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணிக் கரையூர்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்து, எத்தனையோ குடும்பங்களின் சான்றிதழ்கள் அழிந்தன; அவற்றுக்காக அரசு தனி முகாம்கள் நடத்தி மறுபிரதிகள் வழங்க வேண்டியிருந்தது. அசல்களை நீர் புகாத உறையில் வைத்து வீட்டின் உயரமான இடத்தில் வைப்பதும், டிஜிலாக்கரில் கிடைக்கும் சான்றுகளை இப்போதே தரவிறக்கிக்கொள்வதும் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலைகள்.

இதே நேரத்தில் பெற்றுவைக்க வேண்டிய இன்னொரு காகிதம், தமிழ்வழியில் படித்ததற்கான சான்று. அரசுப் பணி நேரடி நியமனங்களில் தமிழ்வழியில் படித்தோருக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உண்டு. 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பதவிக்குரிய கல்வித் தகுதிவரை எல்லா நிலைகளிலும் தமிழ்வழியிலேயே படித்திருக்க வேண்டும் என்பதால், ஒன்றாம் வகுப்பு படித்த ஊர்ப் பள்ளியிலிருந்தே இந்தச் சான்று தேவைப்படும். மூன்று பள்ளிகளில் படித்தவர் மூன்றிடமும் போக வேண்டும். பழைய பதிவேடுகளைத் தலைமையாசிரியர் தேடியெடுக்க நாளாகும் என்பதை மனத்தில் கொண்டு, ஆண்டுத் தேர்வு நெருக்கடி இல்லாத மாதங்களில் போய்க் கேளுங்கள்.

நான்காம் படி: படிப்பு நடத்தும் நிறுவனத்தைச் சோதியுங்கள்

பட்டப்படிப்பைத் தொலைநிலையில் படிக்க நினைப்போருக்கு அருகிலேயே வழிகள் இருக்கின்றன. 1990-இல் தொடங்கப்பட்டு அபிஷேகப்பட்டியில் இயங்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குத் தொலைநிலைக் கல்விப் பிரிவு இருக்கிறது. 2002-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தமிழ்வழியிலேயே பல பட்டப்படிப்புகளை நடத்துகிறது. 1985-இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மதுரை மண்டல மையம் தென்மாவட்டங்களைக் கவனித்துக்கொள்கிறது. ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை நடத்துகிறது.

பல்கலைக்கழகம் பெயர்பெற்றது என்பது மட்டும் போதாது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடத்தை, எந்தக் கல்வியாண்டில் தொலைநிலையில் நடத்தலாம் என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு பட்டியலாக வெளியிடுகிறது. நீங்கள் சேரும் ஆண்டும் பாடமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தே இருக்க வேண்டும். சென்ற ஆண்டு இருந்தது என்பது இந்த ஆண்டுக்கு உத்தரவாதம் ஆகாது. பட்டியலைப் பார்த்த திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்வது பின்னாளில் கைகொடுக்கும். 2024 முதல் தொலைநிலை, இணையவழிப் படிப்புகளில் சேரும் ஒவ்வொருவரும் அந்தப் பிரிவின் தளத்தில் தனி அடையாள எண் பெற்றாக வேண்டும். அதற்கு முன்னதாக, மாணவர் ஈட்டும் மதிப்பெண்களை இணையத்தில் சேமித்துவைக்கும் கல்வி மதிப்பெண் வங்கியின் (ஏ.பி.சி.) எண் தேவை. இரண்டையும் நீங்களே இலவசமாகப் பெறலாம்.

பேருந்து நிலையச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் "ஒரே ஆண்டில் பட்டம்", "தேர்வுக்கு வர வேண்டாம்" என்று ஒட்டியிருக்கும் விளம்பரங்களைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: அவற்றை நம்பிப் பணம் கட்டாதீர்கள். தொலைநிலைக் கல்வியை ஏஜென்சி முறையில் பிறருக்குக் கொடுத்து நடத்தக்கூடாது என்றும், மாநிலப் பல்கலைக்கழகங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும் தம் எல்லைக்கு வெளியே தொலைநிலை மையங்கள் வைக்கக்கூடாது என்றும் மானியக் குழுவின் விதிகள் கூறுகின்றன. வடமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் நம் ஊர் வணிக வளாகத்தின் மாடியில் ஒரு மையம் இயங்கினால் அதைப் பார்த்தவுடனேயே ஐயம் கொள்ள வேண்டும். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு மட்டுமே செலுத்துங்கள். இடைத்தரகரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பாதீர்கள். கூலி வேலையில் சேர்த்த பணம் இப்படிப் போவதைப் பார்க்கும்போது ஏற்படும் வருத்தமே இந்தப் பத்தியை இவ்வளவு கடுமையாக எழுத வைக்கிறது.

ஐந்தாம் படி: பட்டமா, பயிற்சியா?

பதவி உயர்வுக்குப் பட்டம்தான் வேண்டும் என்று எழுத்தில் இருந்தால் பட்டம் படியுங்கள். அப்படி எழுத்தில் இல்லாதபோது, குறுகிய காலப் பயிற்சி விரைவில் பலன் தரும் என்பதே என் கருத்து. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவருக்கு டேலி கணக்கு மென்பொருளும் சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்குத் தாக்கலும் நன்றாகத் தெரிந்தால், ஆறு மாதத்துக்குள் வேறு இடத்தில் கூடுதல் சம்பளம் கேட்கும் தைரியம் வந்துவிடும். வணிகவியல் பட்டத்தை அதன் பக்கத்திலேயே நிதானமாகப் படிக்கலாம். கூட்டுறவுச் சங்க வேலையை நோக்கமாகக் கொண்டவருக்கோ பட்டத்துடன் கூட்டுறவு மேலாண்மைப் பட்டயமும் அவசியம். பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே விண்ணப்பிக்க முடியாத பதவிகளே அதிகம்.

கைத்தொழிலை நம்புவோருக்கு அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் வயதாகிவிட்டது என்று கதவடைப்பதில்லை. ஆண்கள் 40 வயதுவரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. பயிற்சிக் காலத்தில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. இரண்டு ஆண்டு முழுநேரப் பயிற்சிக்கு வேலையை விட இயலாதவர்கள், தம் தொழிற்பிரிவுக்குரிய கல்வித் தகுதியும் போதிய பணி அனுபவமும் இருந்தால் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுத முடியுமா என்று பேட்டை நிலையத்தில் விசாரிக்கலாம். தொழிற்பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம் என்பதால், காற்றாலை உதவியாளராக இருக்கும் ஒருவருக்குப் பொறியாளர் பதவிவரை செல்லும் பாதை, நீளமானதாக இருந்தாலும், அறுபடாமல் இருக்கிறது. வேலையில் இருப்போருக்கென்றே டிப்ளமோ, பொறியியல் பட்டப் பிரிவுகளை நடத்த அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) 2023-24 கல்வியாண்டு முதல் கல்லூரிகளுக்கு அனுமதி அளித்துவருகிறது. குறைந்தது ஓராண்டுப் பணி அனுபவமும், பணியிடம் கல்லூரியிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் இருப்பதும் அதற்கு நிபந்தனைகள். நீங்கள் சேரும் ஆண்டில் எந்தக் கல்லூரி அனுமதி பெற்றிருக்கிறது என்பதைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தட்டச்சை இன்று பலர் பழங்காலத்துக் கலையாக எண்ணுகிறார்கள். ஆயினும் தட்டச்சர் பதவிக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தமிழ், ஆங்கிலத் தட்டச்சுத் தேர்வுகளின் சான்று இன்றும் கேட்கப்படுகிறது. காலை ஆறு மணிக்கே திறக்கும் தட்டச்சுப் பள்ளிகள் பாளையங்கோட்டையிலும் டவுனிலும் இருப்பதால், வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவருக்கு இது நல்ல வழி.

கணினி, மேலாண்மை, பொறியியல் பாடங்களில் அறிவைப் புதுப்பித்துக்கொள்ள விரும்புவோர், 2017-இல் தொடங்கப்பட்ட, மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தையும், ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களையும் பயன்படுத்தலாம். பாடம் கேட்க இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக் கட்டணம் (என்.பி.டி.இ.எல். பாடத்துக்கு 1000 ரூபாய்) கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரப் பாடங்கள் இருக்கின்றன. முதன்முறையாகச் சேர்பவர்கள் நான்கு வாரப் பாடம் ஒன்றை எடுத்து, வாராவாரம் ஒப்படைப்புகளைத் தவறாமல் முடிக்கும் பழக்கம் தமக்கு வருகிறதா என்று பார்ப்பது நல்லது. சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் கிராமத்துப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும், வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் உணவோடு இலவசப் பயிற்சி அளிக்கின்றன.

ஆறாம் படி: அரசுத் தேர்வு எழுதுவோர் கவனத்துக்கு

குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். அதில் பாதியான தமிழ்த் தகுதிப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மறுபகுதி திருத்தப்படாது. பள்ளிப் பாடநூல்களே இதற்கு முதன்மையான நூல்கள் என்பதால், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதத் தயாராகும் ஒருவர் அதே உழைப்பில் இதற்கும் பாதி தயாராகிவிடுகிறார். வயதைப் பற்றிய அச்சத்தையும் அறிவிக்கையைப் படித்துத் தீர்த்துக்கொள்ளுங்கள்: குரூப் 2 தேர்வில் பல பதவிகளுக்குப் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர், ஆதரவற்ற விதவைகள் ஆகியோருக்கு உச்ச வயது வரம்பு இல்லை. தேர்வாணையத்தின் நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய்; அது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

தனியார் பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன், மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்கே இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்புகளும் மாதிரித் தேர்வுகளும் நடைபெறுகின்றன. வகுப்புக்கு வர இயலாதவர்கள் அத்துறையின் மெய்நிகர் கற்றல் தளத்தில் பாடங்களைப் பெறலாம். வீட்டில் அமைதியாகப் படிக்க இடமில்லாதவர்களுக்குப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. களக்காடு, வள்ளியூர், சேரன்மகாதேவி போன்ற ஊர்க்காரர்கள் தத்தம் ஊர்க் கிளை நூலகத்தை நம்பலாம்.

ஏழாம் படி: நேரத்தை ஊர் நடப்போடு பொருத்துங்கள்

"தினமும் நான்கு மணி நேரம் படிப்பேன்" என்று எழுதி ஒட்டிய அட்டவணை இரண்டு வாரம்கூடத் தாங்காது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத் தேர்வுகள் பெரும்பாலும் ஜூனிலும் டிசம்பரிலும் வருகின்றன. ஜூன் மாதம் தாமிரபரணிப் பாசனத்தில் கார் சாகுபடி தொடங்கும் காலம். பிசான நடவு அக்டோபர், நவம்பரில் நடந்து, பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை வரும். வயல் வேலை உள்ளவர்கள் டிசம்பர்த் தேர்வுக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பாடத்தின் பெரும்பகுதியை முடித்து வைக்க வேண்டும், நடவு நாள்களில் திருப்பிப் பார்ப்பது மட்டுமே மீதமிருக்க வேண்டும். ஊர்க் கொடை, குடும்பத்துத் திருமணங்கள் ஆகியவற்றை ஆண்டின் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்துவிட்டு, மீதியுள்ள நாட்களில் படிப்பைப் பங்கிடுங்கள். ஷிப்டு வேலையில் இருப்போர் நாளைக் கணக்கிடாமல் வாரத்தைக் கணக்கிட வேண்டும்; இரவு ஷிப்டு வாரத்தில் மூன்று மணி நேரமும் பகல் ஷிப்டு வாரத்தில் பத்து மணி நேரமும் படித்தாலும் அது நல்ல கணக்கே.

பெண்களைப் பொறுத்தவரை, நேரம் என்பது வீட்டார் விட்டுக்கொடுக்க வேண்டிய ஒன்றாகவும் இருக்கிறது. பீடிக்கு இலை வெட்டி, சுற்றி, கட்டுக் கொடுத்துவிட்டு வந்து, சமையலையும் முடித்த பிறகு மிஞ்சும் நேரத்தில் படி என்று சொல்வது நியாயமில்லை. தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதங்களுக்கு எந்த வேலையை யார் எடுத்துக்கொள்வார்கள் என்பதைச் சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன்பே கணவர், மாமியார், வளர்ந்த பிள்ளைகள் எல்லோரையும் வைத்துப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளையும் தாயும் ஒரே ஆண்டில் பொதுத்தேர்வு எழுதும் வீடுகளில், இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிப்பது இருவருக்குமே நன்மை செய்கிறது.

அரசு ஊழியர்கள் மேற்படிப்பில் சேரும் முன் துறையின் அனுமதியை எழுத்துமூலம் பெற வேண்டும். சேர்ந்த பிறகு பெற்றுக்கொள்ளலாம் என்று விட்டவர்களுக்குப் பதவி உயர்வின்போது அந்தப் பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றுவதே பெரும்பாடாகிவிடும். தனியார் ஊழியர்கள் சட்டப்படி அனுமதி பெற வேண்டியதில்லை என்றாலும், தேர்வு நாட்களுக்கு விடுப்பு வேண்டும் என்பதை மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. சில நிறுவனங்கள் கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்வதும் உண்டு, கேட்டால்தான் தெரியும்.

எட்டாம் படி: முடித்த பின் செய்ய வேண்டியவை

தேர்ச்சி முடிவு வந்தவுடன் தற்காலிகச் சான்றிதழையும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலையும் பெற்றுக்கொள்ளுங்கள். பட்டச் சான்றிதழுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அதைப் பல ஆண்டுகள் விட்டுவைத்துப் பின்னர் அலைபவர்கள் அதிகம். பணியில் இருப்போர், சான்றின் நகலை இணைத்துப் பணிப்பதிவேட்டில் சேர்க்குமாறு கடிதம் கொடுத்து, அதன் ஒப்புதல் நகலை வாங்கி வைக்க வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஏற்கெனவே பதிந்தவர்கள் புதிதாக இன்னொரு பதிவு செய்யாமல், பழைய பதிவு எண்ணிலேயே புதிய தகுதியைச் சேர்க்க வேண்டும். அந்தத் தகுதிக்கான பதிவு மூப்பு, சேர்த்த நாளிலிருந்துதான் கணக்காகும் என்பதால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டிய மாதத்தையும் அப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.